தாதரிலிருந்து வி.டி. வரை: ஒரு ஃபிலிம் ரோலும் 36 படமும்

மும்பையில் ஃபிலிம் கேமராவோடு கிளம்புகிறவர்கள் வெளிச்சத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அவ்வளவு கவலை வேண்டாம். இந்த ஊரில் நெகட்டிவைக் கெடுப்பது காற்றின் ஈரம், கை வியர்வை, குழாய்த் தண்ணீரின் சூடு. முக்கால்வாசி ரோல் நாசமாவது கேமராவைத் தொடும் முன்னாலோ வீட்டுக்கு வந்த பின்னாலோதான். விடியற்காலையில் தாதர் பூ மார்க்கெட், பிறகு மாட்டுங்கா, தாராவி, சாயங்காலம் வி.டி. (பழைய விக்டோரியா டெர்மினஸ், இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷன் என்று ஒரே ரோலில் முடிகிற ஒரு நாள் சுற்றுக்கான குறிப்புகள் இவை. இங்குள்ள தமிழர்கள் தினமும் புழங்குகிற வழிதான்.

கேமரா எதுவானாலும் சரி, பேட்டரி போனாலும் ஷட்டர் ஓடுகிற மாதிரி இருந்தால் நல்லது. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்.எம்.2, எஃப்.எம்.10 மூன்றும் அப்படிப்பட்டவை. பேட்டரி வேண்டியது லைட் மீட்டருக்கு மட்டும். கே1000ல் மீட்டரை அணைக்கத் தனி ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் அது தூங்கும், மறந்தால் எல்.ஆர்.44 பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். பழைய கேமராக்களில் சில 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது கிடைக்காது. பதிலுக்கு 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், படம் இருண்டுவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஃபிலிம் 400 ஐ.எஸ்.ஓ.வாகவே இருக்கட்டும் (ஐ.எஸ்.ஓ. என்பது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்ற அளவு). கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ், கலரில் கோடாக் அல்ட்ராமேக்ஸ். ஊட்டியில் 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ரோல் போட்டுக்கொண்டிருந்தது. அதை மூடிய பின் நமக்கு எல்லாமே இறக்குமதிதான். விலை கையைச் சுடுகிறது என்று பலர் சினிமா ஃபிலிமைச் சின்ன ரோல்களாகச் சுற்றி விற்பதை வாங்குகிறார்கள். கோடாக் விஷன்3 அருமையான சரக்கு. ஆனால் ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு முதுகில் இருக்கிற ரோலைச் கலர் நெகட்டிவ் கழுவும் சாதாரண சி-41 லேபில் கொடுத்தால் அந்தக் கரி மிஷினுக்குள் கரைந்து அடுத்தவர் ரோலிலும் ஒட்டும். பூச்சு உண்டா இல்லையா என்று விற்பவரிடம் கேளுங்கள். லேபுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் நைசாகக் கொடுப்பது அநியாயம்.

ஃப்ரிட்ஜில் வைத்த ரோலை முதல் நாள் இரவே, டப்பாவைத் திறக்காமல், வெளியே எடுத்து வையுங்கள். ஜில்லென்ற ரோலை மும்பைக் காற்றில் சட்டென்று திறந்தால் ஃபிலிம் மேல் பனி கோத்து, டெவலப் செய்த பின் புள்ளிபுள்ளியாகத் தெரியும். விமானத்தில் வருகிறவர்கள் ரோலை லக்கேஜில் போடவே கூடாது. கையில் வைத்துக்கொண்டு, செக்யூரிட்டியில் ஹேண்ட் செக் கேளுங்கள். புதிய சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் எந்த ஐ.எஸ்.ஓ. ஃபிலிமையும் பாதிக்கும். மெட்ரோவில் பை ஸ்கேனருக்குள் போகும். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது, இருந்தாலும் ரோல் சட்டைப் பையில் இருக்கட்டும்.

லோட் செய்யும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. மூடியை மூடி, லீவரை இழுக்கும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறதா? சுற்றினால் ஃபிலிம் பிடித்துவிட்டது. சுற்றாவிட்டால் நாள் முழுக்க வெறும் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். நம்பர் 36ஐத் தாண்டி 40, 41 என்று போய்க்கொண்டே இருக்கும்போதுதான் வயிற்றில் புளி கரைக்கும்.

தாதர் மேற்கில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே பூ வாசனை வழிகாட்டும். வெளிச்சம் வருவதற்கு முன் மார்க்கெட் முழுக்க பல்பு வெளிச்சம்தான். லென்ஸ் துவாரம் எஃப் 2 (எண் குறைந்தால் துவாரம் பெரிது), ஷட்டர் 1/60 விநாடி என்று வைத்துத் தொடங்குங்கள். தலையில் கூடையோடு ஓடுகிறவர்கள் அந்த வேகத்தில் கலங்கித்தான் வருவார்கள். கடைக்காரர் அசையாமல் நின்றால் அந்தக் கலங்கல் அழகு. நடைபாதை நடுவில் நின்றால் திட்டு நிச்சயம், ஒரு தூணோரம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். மல்லிகைக் குவியலைப் பார்த்து மீட்டர் ஏமாறும். கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக எது நிறைந்திருந்தாலும் அதைச் சாம்பலாக்கத்தான் அது கணக்குப் போடும். மல்லிகைக்கு மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சத்துக்கு, திறந்து எடுங்கள். செண்டுமல்லிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கறுப்பு வெள்ளையில் ஆரஞ்சுப் பூவும் அதை விற்பவர் முகமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். தாதருக்குக் கலர்தான் சரி என்பது எங்கள் கட்சி. கறுப்பு வெள்ளை போட்டிருந்தால் பூவை விட்டுவிட்டு ஆட்களையும் கூடைகளையும் எடுங்கள். இங்கே பத்து படத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன். கிழக்கே இறங்கினால் வாழை இலை, வெற்றிலை, பூச்சரம், கோயில் என்று பாதி ஊர் நம்ம ஊர். 1940லிருந்து இருக்கும் கஃபே மெட்ராஸில் டிபனை முடித்துக்கொண்டு எட்டரை, ஒன்பதுக்குத் தெருவுக்கு வந்தால் மரங்களுக்கு நடுவே வெயில் சாய்வாக விழும். நிழலில் பூக்கட்டுகிற அக்காவை எடுக்க எஃப் 5.6, 1/125 போதும். கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். உடனே "எங்க, காட்டு பாக்கலாம்" என்று கையை நீட்டுவார்கள். காட்ட ஒன்றும் கிடையாது. "ரோலுக்கா, கழுவிட்டு பிரிண்ட் கொண்டாரேன்" என்று சொன்னால் சொன்னபடி செய்யுங்கள். 4க்கு 6 பிரிண்ட் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு அந்தத் தெருவில் அடுத்த தடவை அனுமதி கேட்கும் வேலையே இருக்காது.

அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக வாழ்கிற தமிழர்கள் நிறைய, வழி கேட்கக் கவலையில்லை. சுற்றுலாக் கூட்டம் போல சந்துக்குள் நுழைந்து சாப்பிடுகிறவர்களையும் குளிக்கிறவர்களையும் படம் பிடிக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கும்பர்வாடாவில் குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் சூளை புகையும்போது வெயில் கீற்று தனித்தனியாகத் தெரியும், பார்க்கவே ஆசையாக இருக்கும்.

சந்துகளில்தான் கணக்கு கொஞ்சம் கடினம். தலைக்கு மேல் ஒரு கோடு வானம், கீழே இருட்டு. கேமராவை நேராக நீட்டினால் மீட்டர் வானத்தைப் பார்த்துவிட்டு முகத்தைக் கரியாக்கும். உங்கள் உள்ளங்கையை அதே நிழலில் நீட்டி, அதை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப் அதிகம் கொடுங்கள். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய அவ்வளவு வெளிறியது. வானம் வெளுத்துப்போனாலும் பரவாயில்லை. டிஜிட்டலில் வெளுத்தது போனதுதான். நெகட்டிவ் ஃபிலிம் ஒன்றிரண்டு ஸ்டாப் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்த வெளிச்சத்தைத் தாங்காது. நிழலில் பதியாததை ஸ்கேனிலும் மீட்க முடியாது.

நடுப்பகல் வெயிலில் 400 ஐ.எஸ்.ஓ.வுக்கு எஃப் 16, 1/500. டிசம்பர், ஜனவரியில் புகைமூட்டம் இருந்தால் எஃப் 11. கே1000ன் ஷட்டர் 1/1000க்கு மேல் போகாது. ஆகவே பின்னணியை மங்கவைக்கும் ஆசையை மத்தியானம் மறந்துவிட்டு நிழலுக்குப் போங்கள், அல்லது கேமராவைப் பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் பைக் பெட்டியிலோ கார் டேஷ்போர்டிலோ வைத்தால் ஃபிலிமின் நிறம் திரிந்துவிடும்.

சாயங்காலம் ஸ்லோ லோகலில் வி.டி. எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்த இந்த ஸ்டேஷன் 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முகப்பு மேற்கு பார்த்தது, ஆகவே வெயில் இறங்கும் நேரத்தில்தான் செதுக்கல்கள் எழும்பித் தெரியும்; காலையில் போனால் தட்டையாக இருக்கும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரங்கள் பின்னால் சாய்ந்துவிடும். சாலையின் எதிர்ப்பக்கம் போய் 35 மி.மீ. லென்ஸை மட்டமாகப் பிடியுங்கள். கேட் தூண்களில் ஒன்றில் சிங்கம், மற்றதில் புலி, பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் அடையாளமாக. அதற்கு 135 மி.மீ. இருந்தால் நல்லது. உள்ளே டிக்கெட் ஹாலில் எஃப் 2, 1/30. சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சைப் பிடித்து எடுங்கள். ட்ரைபாட் விரித்தால் காவலர் வந்துவிடுவார்.

இனி வீடு. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், மும்பைத் தொல்லை தொடங்குவதும் இங்கேதான். ஃபிலிமை இருட்டில் ரீலில் சுற்றுவதற்கான கறுப்புப் பையான சேஞ்சிங் பேக்குக்குள் ஐந்தாவது நிமிடத்தில் கை வியர்க்கும், ஃபிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டிக்கொண்டு நகராது. பலவந்தமாகத் தள்ளினால் பிறை வடிவில் மடிப்பு விழும். சிக்கினால் ஃபிலிமை வெளிச்சம் புகாத டேங்கில் போட்டு மூடி, கையை வெளியே எடுத்துத் துடைத்து, ஃபேனில் ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். ரீல் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும்.

எச்.பி.5க்கு டி-76 டெவலப்பர் 150 மி.லி., தண்ணீர் 150 மி.லி. சேர்த்து 20 டிகிரியில் 11 நிமிடம். குழாய்த் தண்ணீரோ கோடையில் 30ஐத் தொடும். வாளித் தண்ணீரில் பாட்டில்களை நிறுத்தி, ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அந்த வாளியில் போடுங்கள். ஐஸை டெவலப்பருக்குள் போட்டால் அளவு கெட்டுவிடும். 20க்குக் கொண்டுவர முடியாவிட்டால் 24ல் நிறுத்தி ஏறக்குறைய 8 நிமிடம் கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத்திட்டாக வரும். முதல் பத்து விநாடியில் நான்கு தடவை கவிழ்த்து நிமிர்த்தி, டேங்கைத் தரையில் தட்டுங்கள், காற்றுக்குமிழ் போகும். அப்புறம் நிமிடத்துக்கு ஒருமுறை அதே நான்கு. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் 1+4 (ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்), ஐந்து நிமிடம். அலசும் தண்ணீரும் டெவலப்பரின் சூட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும். திடீரென்று சுடுதண்ணீர் பட்டால் ஊறிய ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கிச் சொரசொரப்பாகும். அலச மூன்று தடவை தண்ணீர் மாற்றி 5, 10, 20 தடவை கவிழ்த்தால் போதும், கடைசியாக ஆர்.ஓ. தண்ணீரில், சொட்டு நிற்காமல் வழியவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு. குழாய்த் தண்ணீரோடு விட்டால் உப்புக் கறை நிற்கும்.

காயவைக்க ஃபேன் வேண்டாம், தூசியெல்லாம் ஃபிலிமில்தான் உட்காரும். பாத்ரூம் கதவைச் சாத்தித் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டுக் கவரில் போட்டால் பிளாஸ்டிக்கோடு ஒட்டி, உரிக்கும்போது படமும் வந்துவிடும். ஆறு ஆறாக வெட்டி, கவரில் தேதியும் டெவலப்பரும் எழுதி வையுங்கள்.

கேமராவைத் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும், லென்ஸில் வலைவலையாகப் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம், அந்த வாணலியை மட்டும் சமையலுக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது.