அம்மாவின் விரலில் 112 வோல்ட்

"தம்பி, இந்தப் பெட்டி கூசுது" என்றார் அம்மா. தேவாரம் பாடிப் பதிவு செய்ய நான் கட்டிக்கொடுத்த மைக் பிரீஆம்ப் (மைக்கின் சின்னச் சிக்னலைப் பெருக்கும் பெட்டி). அலுமினியப் பெட்டி, இரண்டு பின் 12 வோல்ட் அடாப்டர். செருப்போடு தொட்ட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவோ வெறுங்காலோடு சீமெந்துத் தரையில். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் தடவினேன். எறும்பு ஊர்ந்தது.

பெட்டிக்கும் சுவர்ப் பிளக்கின் எர்த்துக்கும் நடுவே அளந்தால் மீட்டரில் எண் நிலையாக நிற்கவில்லை. முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். திருகோணமலைக் கடற்காற்று சும்மா விடுமா? எர்த் கம்பியின் கிளாம்ப் பச்சை பூத்து, வயர் தனியே தொங்கியது. அதைச் சரிசெய்த பிறகு அளந்தால் 112 வோல்ட் ஏசி.

எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பெட்டிக்கும் எர்த்துக்கும் நடுவே 1 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்ததும் 0.08 வோல்ட்டாக விழுந்தது. அதாவது 80 மைக்ரோஆம்பியர். ஆளைக் கொல்லாது, கூச மட்டும் செய்யும்.

அடாப்டரைத் திறந்தேன் (பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், கவனம்). மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுக்கும் பாலமாக 222 என்று எழுதிய நீல வில்லை ஒன்று. 2200 பிகோஃபராட் ஒய் கப்பாசிட்டர், அதாவது எளிதில் ஷோர்ட் ஆகாதபடி செய்த பாதுகாப்பு வகை. 50 ஹெர்ட்ஸில் சுமார் 14.5 லட்சம் ஓம். கசிவு வரும் வழி அதுதான். வெட்டிப் பார்த்தேன். கூச்சம் போனது, பதிவில் கீச்சுச் சத்தம் வந்தது. அடாப்டர் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி விடும்போது வரும் ஸ்விட்சிங் இரைச்சலைத் திருப்பி அனுப்பத்தானே அதை வைத்திருக்கிறார்கள்! அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த சாதாரணக் கப்பாசிட்டரைப் போடவே கூடாது. அது ஷோர்ட் ஆனால் 230 வோல்ட் நேரே பெட்டிக்கு வரும்.

அடாப்டர் வெளியீட்டின் நெகட்டிவை எர்த்தில் இணைத்தாலே கூச்சம் தீரும். ஆனால் எங்கள் வீட்டு கிளாம்பைப் பார்த்த பிறகு அதை மட்டும் நம்ப மனம் வரவில்லை. அதனால் பழைய முறைக்கே போனேன்: இரும்புக் கோர் ட்ரான்ஸ்போமர், ஏசியை டிசியாக்கும் டயோட் பிரிட்ஜ், 12 வோல்ட்டில் நிறுத்தும் 7812 ரெகுலேட்டர். பிரைமரியும் (மெயின்ஸ் பக்கச் சுருள்) செகண்டரியும் (வெளியீட்டுச் சுருள்) ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றாமல், பொபினில் (சுருள் சுற்றும் கட்டையில்) தடுப்பு வைத்துத் தனித்தனி அறையில் சுற்றிய வகை. எர்த் இணைக்குமுன் அதே ரெசிஸ்டரில் அளந்தேன்: 1 மில்லிவோல்ட், அதாவது 1 மைக்ரோஆம்பியர். பிரைமரியின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டதும் அதிலும் பாதி. அப்புறம்தான் மூன்று பின் பிளக் போட்டு எர்த்தையும் கொடுத்தேன்.

இப்போது பாட உட்காருமுன் அம்மா கேட்பது ஒன்றுதான்: "லப்டொப் சார்ஜரைக் கழட்டிட்டியா?" அதுவும் இரண்டு பின்தான். செருகியிருந்தால் யூஎஸ்பி வயர் வழியே "ம்ம்ம்" என்று கூடவே பாடும்.