முடிவெடுக்கும் வாசகர்

வாசிப்பவரே கதையின் அடுத்த அடியைத் தீர்மானிக்கும் ஊடாட்டக் கதைகளை நாவல் என்பதா, விளையாட்டு என்பதா என்ற விவாதத்தில் என் நிலைப்பாடு உறுதியானது. அவற்றுள் பெரும்பாலானவை விளையாட்டுகளே. அப்படிச் சொல்வதால் அவற்றின் இலக்கியத் தகுதி எள்ளளவும் குறைவதில்லை.

வரிசை மாற்றி வாசிக்கச் செய்வது மட்டுமே ஒரு நூலை விளையாட்டாக்கிவிடாது. அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸார் 1963இல் வெளியிட்ட ‘ரயுவேலா’ நாவலின் 155 அத்தியாயங்களில் முதல் 56ஐ மட்டும் நேராக வாசித்து முடித்துக்கொள்ளலாம். அல்லது ஆசிரியர் தந்துள்ள அட்டவணைப்படி 73ஆம் அத்தியாயத்தில் தொடங்கி முன்னும் பின்னுமாகத் தாவிச் செல்லலாம். எந்த வழியில் சென்றாலும் கதைமாந்தரின் சார்பில் முடிவெடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

1979இல் தொடங்கிய ‘சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்’ நூல்வரிசை, இதைச் செய்வதானால் இந்தப் பக்கத்துக்குப் போ என்று சொல்லி, அந்த உரிமையை வாசகருக்கு அளித்தது. ஆனால் பக்கத்திற்குள் ஒரு விரலை வைத்தபடி அடுத்ததை எட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம். நாம் செய்தது எதுவும் அந்த நூலுக்குத் தெரியாது. 1982இல் தொடங்கிய ‘ஃபைட்டிங் ஃபேன்டசி’ வரிசை நூல்கள் பென்சிலையும் பகடைகளையும் எடுக்கச் சொல்லி, நாயகனின் வலிமையைத் தாளில் எழுதி அழிக்க வைத்து, அந்த நினைவை வாசகரிடமே ஒப்படைத்தன.

கணினியில் அந்தப் பொறுப்பைக் கதையே ஏற்றுக்கொள்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் பத்து முறை வந்தாலே 1,024 பாதைகள் உருவாகிவிடும் என்பதால், எந்த எழுத்தாளரும் எல்லாக் கிளைகளையும் தனித்தனியே வளர்ப்பதில்லை. பிரித்த கிளைகளை மீண்டும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, வாசகர் வந்த வழியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார். தொடக்கத்தில் நண்பனிடம் சொன்ன பொய், வெகுநேரம் கழித்து அவன் கதவைத் திறக்க மறுக்கும்போது நம்மிடமே திரும்பி வருகிறது. அந்தப் பொய்யைச் சொன்னவர் நாயகன் அல்லர், நாம்தான் என்ற உறுத்தலை எந்த நாவலும் இதே விதத்தில் தந்துவிட முடியாது.

2013இல் வெளியான ‘டிப்ரெஷன் குவெஸ்ட்’ என்ற கணினி ஊடாட்டக் கதை இதற்கு நேர்மாறான வழியில் அதே இடத்தை அடைகிறது. மனச்சோர்வில் சிக்கியவர் எதைச் செய்தால் நல்லதோ அந்தத் தெரிவு திரையில் தெரிகிறது. ஆனால் அதன்மேல் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கலாம், சொடுக்க முடியாது. ‘அவனால் எழ முடியவில்லை’ என்று நாவலில் வாசிக்கும்போது நாம் இரங்குகிறோம். இங்கோ நம் கையே செயலற்று நிற்கிறது. விளையாட்டின் விதியே கதையின் பொருளாகிவிடும் இத்தகைய இடங்களுக்காகவே இந்த வடிவத்தை நான் நேசிக்கிறேன்.

வெற்றி தோல்வி இல்லாதபோது இது எப்படி விளையாட்டாகும் என்று கேட்கலாம். வீடு கட்டி விளையாடும் குழந்தைகளும் யாரையும் வெல்வதில்லை.

தேர்வே இல்லாமல் படமும் இசையுமாக நகரும் காட்சி நாவல்களையும், எதைத் தேர்ந்தாலும் அதை உடனே மறந்துவிடும் கதைகளையும் நாவல்கள் என்றே கொள்வேன். மற்றவற்றை மதிப்பிடும்போது, விமர்சகர்கள் உரைநடையின் தரத்தோடு, ஒவ்வொரு தெரிவும் பிறகு எங்கே எப்படி நினைவுகூரப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவதைப் பேசும் விமர்சனங்கள் இன்றும் அரிதாகவே என் கண்ணில் படுகின்றன.