நவாலாவில் ஒரு செவுசெவு

2019 ஜூலை 12, வெள்ளி. நாந்தி

நாளை ஃபிஜியின் மலையூரான நவாலாவுக்குப் போவதால், இன்று நாந்தி சந்தையில் நீரில் பிழிந்து குடிக்கும் யங்கோனா (கவா) வேர்க்கட்டு ஒன்று வாங்கினேன். செய்தித்தாளில் சுற்றித் தந்த அந்த அரைக் கிலோ பார்வைக்கு விறகுச் சுள்ளி போலத்தான் இருந்தது. இடித்த பொடியும் கிடைக்கிறது. ஆனால், ஊருக்குள் நுழைய அனுமதி கேட்டு வைக்கும் செவுசெவுக்கு முழு வேரே மரியாதை என்றார் விற்ற அம்மாள். இந்தச் செடி நம் வெற்றிலைக்கும் மிளகுக்கும் ஒரே குலம் என்று தெரிந்தபின், தாம்பூலத் தட்டை ஏந்திப் போவது போன்ற உணர்வே எனக்கு மேலிட்டது.

2019 ஜூலை 13, சனி. நவாலா

நாக்கின் மரமரப்பு இன்னும் தெளியவில்லை. தொப்பியைக் கழற்றி, இடுப்பில் சூலு என்னும் துணியைக் கட்டி, கூரை வேய்ந்த புரே என்னும் குடிலுக்குள் பாயில் சம்மணமிட்டு அமர்ந்தோம். வழிகாட்டி எங்கள் சார்பில் வேரை முன்வைத்து ஃபிஜி மொழியில் நெடுநேரம் பேச, ஊர்ப் பெரியவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டு மறுமொழி கூறினார். அதன் பிறகே ஊரைச் சுற்றிப் பார்க்கவும் படமெடுக்கவும் எங்களுக்கு உரிமை வந்தது.

வெசி என்னும் மரத்தில் குடைந்த தனோவா என்னும் பாத்திரத்தில், துணியில் முடிந்த பொடியை நீர்விட்டுப் பிசைந்து பிழிந்தார்கள். முதல் சிரட்டை பெரியவருக்கு. என் முறை வந்ததும், கைகளைக் குழித்து ஒருமுறை தட்டி, 'புலா' என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்தேன். எல்லோரும் 'மதா' என்று கூறி மூன்று முறை தட்டினார்கள். சேற்றுநீரில் மிளகைக் கரைத்தாற்போன்ற கசப்பு. இது மது அன்று. அறிவு தெளிவாகவே இருக்க, உடல்தான் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியில் நான் தனோவாவை நோக்கிக் காலை நீட்டிவிட்டேன் போலும், பக்கத்திலிருந்தவர் என் முழங்காலை மெல்லத் தட்டி மடக்க வைத்தார்.

2019 ஜூலை 14, ஞாயிறு. நாந்தி

தென்னிந்திய வழியில் வந்த ஒரு வீட்டில் இரவு விருந்து. 1903 முதல் கிர்மிட் என்னும் கூலி ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் யங்கோனாவை 'கிராக்' என்கிறார்கள். இங்கே தனோவா இல்லை, பிளாஸ்டிக் வாளிதான்; உரையும் இல்லை, வேர் வைப்பதும் இல்லை. ஆயினும் சிரட்டையை வாங்குமுன் வீட்டுக்காரரின் கைகள், பேச்சு நிற்காமலே, தாமாகக் குழிந்து ஒருமுறை தட்டின.