கச்சான் காற்றும் டைகர் முடியும்

குட்டை முடி நாய்க்கு முடி கொட்டாது என்பவர்கள் எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பார்க்கட்டும். நீள முடியாவது பந்தாக உருண்டு மூலையில் ஒதுங்கும், கூட்டி அள்ளிவிடலாம். குட்டை முடி ஊசி மாதிரி துணிக்குள் குத்தி நின்றுவிடும்.

டைகர் லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவன். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் மச்சான் வீட்டில் வளர்ந்தவன், அவர் வளைகுடாவுக்குப் போனதும் எங்களிடம் வந்தான். அங்கே அவனுக்குத் தினமும் கடல் குளியல்தான். எங்கள் போர் தண்ணியும் உப்பு. உப்புக் காய்ந்து தோல் வறண்டு, தடவினால் முடியோடு வெள்ளைச் செதிலும் உதிர்ந்தது.

கால்நடை டாக்டர் முடியை விலக்கி உண்ணி, சொறி இருக்கிறதா என்று பார்த்தார். "வட்டமா சொட்டை விழுந்தாலோ, ஓயாம சொறிஞ்சாலோ உடனே கூட்டிட்டு வாங்க. இது வறட்சிதான்." மொட்டை அடித்துவிடலாமா என்று கேட்டேன். "கொட்டுறது நிக்காது, இன்னும் குட்டையா கொட்டும். வெயிலும் தோல்ல நேரா இறங்கும்" என்றார். நம் ஷாம்பூவும் ஆகாதாம். நம் தோலின் பி.ஹெச் (அமிலம், காரம் காட்டும் அளவு) 5.5 பக்கம், நாய்க்கு 7ஐ ஒட்டி.

குளியலை மாதம் ஒன்றாகக் குறைத்தோம். கடைசியாக அலச மட்டும் விலைக்கு வாங்கும் நல்ல தண்ணி. "நமக்கே குடம் காசு, நாய்க்கு நல்ல தண்ணியா?" என்று மாமியார் இன்னும் முனகுகிறார்.

பெரிய வேலை ரப்பர் முள் வைத்த கையுறைதான். குளிப்பாட்டும் முன், உடம்பு காய்ந்திருக்கும்போது, முதலில் வட்டமாகத் தேய்த்து, பிறகு முடி போகும் வாக்கில் இழுக்க வேண்டும். தொடையின் பின்புறமும் கழுத்தும்தான் சுரங்கம். அடி முடி சாம்பல் நிறத்தில் பஞ்சாக வந்துகொண்டே இருக்கும். கச்சான் காற்று வீசும்போது திசை பார்த்து உட்காருங்கள். ஒரு தடவை முடி பறந்து பக்கத்து வீட்டுக் கருவாட்டுப் பாயில் போய் விழுந்து, "ஏக்கா, கருவாட்டுக்கு மசாலா தூவுறியளா?" என்று கேட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டில் சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொஞ்சம் பிசைந்து வைக்கிறேன். மீன் கொழுப்பு தோலுக்கு நல்லது. பலன் தெரிய ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். மிச்ச மீன் குழம்பு மட்டும் கூடாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

இப்போது செதில் இல்லை. முடி கொட்டாமல் இல்லை, பாதியாவது குறைந்திருக்கிறது. மெத்தையில் ஒட்டியதற்கு பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை நனைத்து ஒரே பக்கமாக இழுத்தால் திரண்டு வந்துவிடும். வீட்டுக்காரர் ஞாயிறு பூசைக்குப் போடும் கறுப்புப் பேண்ட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை; அதைத் தெருவில் நின்றுதான் மாட்டுகிறார் என்று சொன்னால் அடிக்க வருவார்.