17 சதவீத ஈரம்

போகி அன்று காலை, குப்பையைக் கொளுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து மாஸ்டர் போன் செய்தார். பெங்களூரில் 25-ஆம் தேதி எம்.எம்.ஏ. போட்டி, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை, 61.2 கிலோ பிரிவு. இறங்க வேண்டிய பையனுக்கு முழங்கால் போய்விட்டது, நீ போறியா என்றார். அமெச்சூரில் ஐந்து முறை கூண்டுக்குள் போயிருக்கிறேன். இது புரொஃபஷனல், முதல் அழைப்பு. இந்தச் சண்டையின் உலக மேடையான யு.எஃப்.சி. வரை போன இந்தியர்களை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிசையின் கடைசியில் நிற்கக்கூட முதலில் இப்படி ஒரு அழைப்பு வர வேண்டும். போறேன் மாஸ்டர் என்றேன். இப்ப எடை என்ன? 65 என்றேன்.

பொய். நீடாமங்கலத்தில் ரைஸ் மில் தராசில் ஏறிப் பார்த்தபோது 68.4 காட்டியது.

எடை போடுவது போட்டிக்கு முந்தின நாள் காலை. பட்டப் போட்டி இல்லையென்றால் ஒரு பவுண்டு சலுகை உண்டு, அதாவது 450 கிராம் கூட இருக்கலாம். ஆக 11 நாளில் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாள் பொங்கல்.

சோற்றை நிறுத்தியதும் முதல் நான்கு நாளில் மூன்று கிலோ போனது. இதில் திறமை எதுவும் இல்லை. உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறு போனால் அதுவும் போகும். உப்பையும் நிறுத்தினேன். சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் கூட வைக்காத பிள்ளையை அம்மா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது. “மஞ்சக் காமாலை ஏதும் இருக்கா தம்பி?” என்று ரகசியமாகக் கேட்டது. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவும் வெள்ளரிக்காயுமாக ஓட்டினேன்.

நடுவில் ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் இல்லை என்று சான்று வேண்டும், கண் பரிசோதனையும் உண்டு. லேபில் இருந்த அக்கா சீட்டைப் பார்த்துவிட்டு, “வெளிநாடு போறியா, இல்ல கல்யாணமா?” என்றார். சண்டைக்கு என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை.

அதன்பிறகுதான் தண்ணீர் வேலை. கடைசி வாரத்தில் மூன்று நாள் தினமும் ஏழு லிட்டர் குடிக்க வேண்டும். உப்போடு அளவாகப் பிரித்து, மாஸ்டர் கணக்கில்தான் குடித்தேன், தானாக யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பிறகு சட்டென்று மூன்று லிட்டர், ஒன்று, கடைசி நாள் வாய் நனைக்க மட்டும். உடம்போ பழைய கணக்கிலேயே வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடும் வரைக்கும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். கடைசி லிட்டரைக் குடித்துவிட்டு மதகு மேல் உட்கார்ந்து அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நல்ல யோசனை இல்லை.

அப்போது சம்பா அறுவடை. அப்பா களத்து மேட்டில் நெல்லைக் காயப்போட்டிருந்தார். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இரண்டு நாள் பனி விழுந்து 19-ல் நின்றிருந்தது. நான் பிளாஸ்டிக் ஸ்வெட்சூட் போட்டுக்கொண்டு அந்தக் களத்தைச் சுற்றி ஓடினேன். கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டார்: “நெல்லுக்குப் பதினேழுன்னு வச்சிருக்கான். ஒனக்கு எவ்வளவுடா வச்சிருக்கான்?”

தஞ்சாவூரில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறும்போது 64.1. பெங்களூரில் ஓட்டல் அறையில் குளியல் தொட்டி இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தோம். இருந்தது ஒரு வாளியும் மக்கும். கூட வந்த நண்பன் பொம்மைக் கடையில் சின்னப் பிள்ளைகள் குளிக்கும் ஊதுகிற தொட்டி வாங்கி வந்தான், நீல நிறம், வாத்துப் படம் போட்டது. அதில் சுடுதண்ணீரும் எப்சம் உப்பும். பத்து நிமிடம் கிடப்பேன், எழுந்து கம்பளிக்குள் சுருண்டு பத்து நிமிடம், வழிகிற வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி வாத்து. நாலாவது முறை எழுந்தபோது காதில் இரைச்சல், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் துப்பினால் எடை குறையும் என்றார்கள். துப்ப எச்சில் இல்லை. மாஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2015 டிசம்பரில் மணிலா போட்டிக்காக இப்படி எடை குறைக்கப் போய் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன வீரர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு இந்த முறையைத் தடை செய்து, சிறுநீரைச் சோதித்து உடம்பில் போதுமான நீர் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தது. இதையெல்லாம் நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். மாஸ்டருக்கு அன்றே தெரிந்திருந்தது.

காலையில் 61.6. சலுகையோடு சேர்த்த வரம்புக்கு ஐம்பது கிராம் கீழே.

இறங்கியதும் ஓ.ஆர்.எஸ்., இளநீர், பிறகு குழைந்த தயிர்சாதம். மறுநாள் காலை 66.8. எடை திரும்பிவிட்டது, நானும் திரும்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஐந்து நிமிடச் சுற்று மூன்று. முதல் சுற்று என்னுடையது. மன்னார்குடிப் பக்கம் கபடி ஆடியவனுக்குக் கால் பிடிக்கக் கற்றுத்தர வேண்டாம். இரண்டு முறை தூக்கிப் போட்டு மேலே படுத்துக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் கை இருக்கிறது, பிடி இல்லை. கைகள் ஈரச் சாக்கு மாதிரி கனத்தன. அதே கபடிப் பிடிக்குத் தலையைக் கொடுத்து நுழைந்தேன், அவன் என் கழுத்தைக் கையால் வளைத்து நெரிக்கும் கில்லட்டின் பூட்டைப் போட்டுவிட்டான். வழக்கமாக நான் தினமும் பயிற்சியில் கழற்றும் பூட்டு அது. தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டேன்.

சண்டைக்கு ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை என்பது ஒப்பந்தம். முதல் பாதி மட்டும் வந்தது. ரயில், லேப், சாப்பாடு, வாத்துத் தொட்டி எல்லாம் போக மிஞ்சியதில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கினேன். நான் திரும்புவதற்குள் அப்பாவின் நெல் காய்ந்து, மூட்டையாகி, போய்விட்டிருந்தது.

ஏப்ரலில் மாஸ்டர் மறுபடி கூப்பிட்டார். ஜூனில் ஒரு போட்டி, அதே 61.2. இப்ப எடை என்ன என்றார்.

“70.3 மாஸ்டர்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“சரி, அடுத்த பிரிவு, 65.8-ல் கேட்டுப் பார்க்கிறேன்” என்று வைத்துவிட்டார்.