பக்கத்து வீட்டு ஸ்மித்

பிப்ரவரி 3
பக்கத்து வீட்டுப் பாட்டியின் குடும்பப் பெயர் ஸ்மித். "நாம இங்கிலீஷ்காரங்க இல்ல, கேவன் மாவட்டத்து ஐரிஷ்காரங்க" என்று அவர் அப்பா அடித்துச் சொல்வாராம். அப்படியானால் ஸ்மித் எங்கிருந்து வந்தது? பாட்டிக்குத் தெரியவில்லை. எனக்கு ராத்தூக்கம் போனது.

பிப்ரவரி 5
1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாட்டியின் கொள்ளுத்தாத்தாவைப் பிடித்துவிட்டேன். முதல் படிவத்தில் 'ஐ' போட்ட ஸ்மித், அடுத்ததில் 'ஒய்' போட்ட ஸ்மித். அதைவிட வேடிக்கை வயது: பத்து வருடத்தில் 56 வயது 72 ஆகியிருக்கிறது! 1909 ஜனவரியில் 70 வயதுக்காரர்களுக்கு அரசு பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தது. நாடு முழுக்கப் பலருக்கு இப்படித் திடீர் முதுமை.

கணக்கெடுப்பில் 1901க்கு முன்னால் போனால் சாம்பல்தான். 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1861 முதல் 1891 வரையிலான படிவங்களை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டிருந்தது.

பிப்ரவரி 11
தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. லத்தீன், போதாக்குறைக்கு மங்கிய மை. ஒரு மணி நேரம் கண்ணைக் கசக்கிய பிறகு கொள்ளுத்தாத்தா கிடைத்தார், மெக்கௌவன் என்ற பெயரில்.

ஐரிஷில் 'கௌவா' என்றால் கொல்லன். 'மாக் கௌவன்', கொல்லன் மகன். ஒலியைக் கேட்டு எழுதியவர்கள் மெக்கௌவன், மகௌவன், கௌவன் என்று இஷ்டத்துக்கு எழுதினார்கள். பொருளை எடுத்துக்கொண்டவர்கள் ஆங்கிலத்தில் ஸ்மித் என்றார்கள்.

முதலில் 1465ஆம் வருடச் சட்டத்தின் மேல் பழி போட்டேன். ஐரிஷ்காரர்களை ஊர், நிறம், தொழில், பதவி என ஏதாவதொன்றை வைத்து ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்ளச் சொன்ன சட்டம். தொழிலுக்கு உதாரணமே ஸ்மித்தான். ஆனால் அது டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளுக்கு மட்டும். கேவன் அப்போது ஓ'ரைலி என்ற ஐரிஷ் குலத்தார் கையில். சரி, இந்த வீட்டு ஸ்மித் அதற்கு வெகுகாலம் பிந்தியவர்.

பிப்ரவரி 12
பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஸ்கூல்ல டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என்னை 'நிக் கௌவன்'னுதான் கூப்பிடுவாங்க. ஸ்மித்தை ஐரிஷ்ல மொழிபெயர்த்துக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சிருந்தேன்" என்றார்.

'நிக்' பெண்ணுக்கு வருவது. மொழிபெயர்ப்பு என்னவோ எதிர்த்திசையில் நடந்திருக்கிறது.

கரண்ட் பில்லின் பின்பக்கம் அந்தப் பெயரைப் பழைய ஐரிஷ் எழுத்தில் எழுதிக் காட்டினார். பெயரின் நடுவில் வரும், ஒலி மென்மையாகும் 'பி'க்குப் பக்கத்தில் இப்போது 'ஹெச்' போடுகிறார்கள். பாட்டி போடவில்லை. நம் மெய்யெழுத்துக்கு வைப்பதுபோல அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தார்.