தனித்தேர்வர் இருவர்

ஜனவரி 5

காப்பிப் பழம் பறிப்பு இன்னும் முடியவில்லை. இவர் எஸ்டேட் ரைட்டர். எடை போட்டு, கணக்கு ஏற்றிவிட்டு வீடு வர ஏழு மணி ஆகிறது. அதுவரை திண்ணையில் எங்கள் வகுப்பு நடக்கும். படிப்பது பாப்பாவும் கீழ்வீட்டுத் தம்பியும். மார்ச்சில் இருவரும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் போகிறார்கள். பாப்பாவை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம். தம்பி பள்ளிக்கூடமே போனதில்லை.

"எப்படி எழுத விடுவாங்க?" என்று ஏற்காட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நாங்கள் போன வழியை இங்கே எழுதி வைக்கிறேன். 12½ வயது முடிந்ததும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதினார்கள். தம்பிக்குப் பள்ளிச் சான்றிதழ் எதுவும் கிடையாது, பிறப்புச் சான்றிதழை வைத்தோம். 14½ முடிந்த பிறகு பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போய் விண்ணப்பம் பதிந்தோம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் பல மாதங்கள் முன்பே பெயர் கொடுத்து, ஒதுக்குகிற பள்ளிக்குப் போய்வர வேண்டும். 80 சதவீத வருகை கட்டாயம். மற்ற எதில் பிசகினாலும் சமாளிக்கலாம், இதை மட்டும் தவற விடாதீர்கள்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுத வைக்கலாமே என்று அண்ணன் சொன்னார். அதுவும் நல்ல வழிதான், வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. ஆனால் இருவருக்கும் பதினொன்றாம் வகுப்பைப் பள்ளியில் உட்கார்ந்து படிக்க ஆசை. அதனால் மாநிலப் பாடத்திட்டத்திலேயே போகட்டும் என்று முடிவு செய்தோம்.

ஜனவரி 18

கடிகாரம் வைத்து முழுத் தமிழ்த் தேர்வு எழுத வைத்தேன். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி வரும். படத்தைப் பார்த்து நாலு வரி எழுதினால் போதும். பாப்பா இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தாள். மழைக்கு முந்தைய மண் நிறம், மரக்கன்றைப் பிடித்திருக்கும் பெரியவரின் நகத்தில் அழுக்கு என்று படத்தில் இருந்ததும் இல்லாததும் எல்லாம் வந்திருந்தது. படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதற்கே நாற்பது நிமிடம் போய்விட்டது, நெடுவினா ஒன்றைத் தொடவே இல்லை.

"நல்லா இல்லையாம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கு கண்ணு. ஆனா இதுக்கு அஞ்சு மார்க்குதான்."

அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு விஷயத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு என்று ஏழு வருடமாகச் சொல்லி வளர்த்தவளே நான்தான். இப்போது நானே 'நிறுத்து, அடுத்ததுக்குப் போ' என்கிறேன். அவளுக்கு இது புதுப்பாடம், எனக்கும்தான்.

அப்புறம் படிவம் நிரப்புகிற கேள்வி. மேல்நிலை வகுப்புச் சேர்க்கை விண்ணப்பம் கொடுத்திருந்தேன். 'இறுதியாகப் படித்த பள்ளியின் முகவரி' என்ற இடத்தில் தம்பி வெறும் கோடு போட்டிருந்தான். பாப்பா எங்கள் வீட்டு முகவரியை எழுதியிருந்தாள், பின்கோடு 636601 வரை. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 2

இன்று அறிவியலில் பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினியம் பிரித்தெடுத்தல் பற்றிய கேள்வி. சேர்வராயன் கோயிலுக்குப் போகிற பாதையில் பொறுக்கிய பாக்சைட் கல் ஒன்று பாப்பாவின் அலமாரியில் வருடக்கணக்காக இருக்கிறது. செங்காவி நிறம், மேலே பட்டாணி பட்டாணியாகப் புடைத்திருக்கும். தம்பியின் தாத்தா இந்த மலையிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் ஏற்றிய லாரியில் கிளீனராக இருந்தவர். 20 கொண்டை ஊசி வளைவிலும் பாரத்தோடு இறங்கிய கதையைத் தம்பி ஒரு பக்கம் எழுதிவிட்டான். பிரித்தெடுக்கிற பேயர் முறையும் இல்லை, ஹால் முறையும் இல்லை, ஒரு சமன்பாடுகூட இல்லை.

திருத்துகிற ஆசிரியருக்குத் தாத்தாவைத் தெரியாதுப்பா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப அவருக்கு என்ன வேணுமோ அத முதல்ல எழுதிடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடில் ஆரம்பித்து கிரையோலைட் வரைக்கும் வரிசையாக ஆறு வரியில் முடித்தான். தாத்தா கதை எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 24

செய்முறைத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பாப்பாவுக்குக் குவிலென்ஸின் குவியத் தொலைவு வந்ததாம். எங்கள் வீட்டுச் சுவரில் லென்ஸ் வழியாகச் சவுக்கு மரத்தின் பிம்பம் தலைகீழாக விழுவதைப் பார்த்துப் பழகியவள், கை நடுங்கவில்லை என்றாள். 25 மதிப்பெண் இதற்கு, மீதி 75 எழுத்துத் தேர்வுக்கு. பயிற்சி நடத்திய ஆசிரியைக்கு மலைமிளகு கொஞ்சம் கொண்டுபோனேன், வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். மாதக்கணக்கில் இந்தப் பிள்ளைகளைத் தன் வகுப்புப் பிள்ளைகளோடு ஒன்றாக நிற்க வைத்த மனுஷி.

மார்ச் 9

மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார முடியவில்லை. இருவருமே சம்மணம் போட்டு, மடியில் அட்டை வைத்து எழுதியே பழகியவர்கள். இவர் எஸ்டேட் ஆபீசிலிருந்து பழைய மேசை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். தினமும் காலை பத்து மணிக்கு உட்காருகிறார்கள். முதல் பத்து நிமிடம் கேள்வித்தாளைப் படிப்பது, அடுத்த ஐந்து நிமிடம் விவரம் சரிபார்ப்பது, பத்தேகால் முதல் ஒன்றேகால் வரை எழுதுவது. தேர்வறையில் நடக்கிற அதே வரிசைதான். தம்பிக்கு நடுவிரலில் காய்ப்பு விழுந்துவிட்டது.

மார்ச் 18

ஹால் டிக்கெட் எடுத்தாயிற்று. இருவருக்கும் சேலத்தில் ஒரே பள்ளி. மலையிலிருந்து காலையில் இறங்கினால் பஸ் எப்படி அமையுமோ என்ற பயத்தில், தேர்வுக்கு முந்தின நாள் இரவெல்லாம் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் தங்குவது என்று முடிவு.

மார்ச் 28

முதல் தேர்வு. ஒன்பதே காலுக்கே வாசலில் நின்றோம். சீருடைப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக நின்று ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டும் வண்ண உடையில் தனியாக நின்றன. தனித்தேர்வர்களில் கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போன ஒரு பெண்ணும் இருந்தாள். பாப்பா அவளுக்குத் தன் இன்னொரு பேனாவைக் கொடுத்தாள்.

ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. நான் வேப்ப மரத்தடியிலிருந்து எழுந்து கேட்டுக்குப் போனேன். இருவரும் வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டார்கள்.

"முகப்புத்தாள்ல என் போட்டோவப் பாத்தேம்மா. அங்க கையெழுத்துப் போடறப்பதான் கொஞ்சம் படபடன்னு இருந்துச்சு."

காட்சிக் கேள்விக்கு எத்தனை வரி என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், பன்னிரண்டு.

தம்பி ஒரு குறுவினாவை விட்டுவிட்டான். அதற்கு விடை தெரியும், நேரம்தான் இல்லை. சித்தி வீட்டுக்குப் போகிற வழியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். தின்றுகொண்டே அந்த விடையை எனக்கு முழுசாகச் சொன்னான். தப்பே இல்லை. ஆங்கிலத் தேர்வு 2ஆம் தேதி. சாயங்கால பஸ்ஸில் மலையேறிவிடுகிறோம்.